வலி யாருக்கு?

காய்ச்சல் வந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் உபயோகமான செய்தி இது ஒன்றுதான். அவசர வேலை இருப்பவர்கள் இந்த வரியோடு போய்விடலாம். மற்றவர்களுக்கு, இதைக் கற்றுக்கொள்ள எழுபத்திரண்டு வயதில் நான் ஜவ்வாது மலையில் ஓர் இரும்புக் கட்டிலில் ஏன் படுக்க நேர்ந்தது என்று சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். உடம்பு தேறினால் கோபம் தணிந்துவிடும் என்றார்கள். உடம்பு தேறிவிட்டது.

என்னைப் பற்றி முதலில். பிறந்ததிலிருந்தே வசதியில் வளர்ந்தவன். அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் தோல் மண்டி. எனக்கு, ஷூவின் மேற்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை. எந்த வரிசையிலும் நான் நின்றதில்லை. எனக்காக நிற்க யாராவது இருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே திறமை எண்ணுவது. ஓர் அங்குலத்தில் பத்துத் தையல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தால் ஷூவைக் கையில் எடுக்காமலே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டேன். குறை சொல்வது தொழிலாக ஆரம்பித்துக் குணமாக முடிந்துவிட்டது.

மகன் பிரகாஷ் தொழிலை எடுத்துக்கொண்ட பிறகு, குறை சொல்ல வேலூர் வீடு மட்டும்தான் மிஞ்சியது. சாம்பாரில் உப்பு, குளியலறைக் குழாயில் சொட்டு, எதிர்வீட்டு நாய். ஒருநாள் என் மனைவி வசந்தா, "உங்ககிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதாங்க. நிம்மதி" என்றாள். சண்டையாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அது உறைத்தது.

அதன் பிறகுதான் தேடல். புத்தகங்கள் வாங்கினேன். பௌர்ணமிதோறும் கிரிவலம் போனேன். அங்கும் வழியில் எத்தனை டீக்கடை என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். கடைசியில் ஒரு நண்பர், ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் காட்டுக்குள் ஒரு குடில் இருப்பதாகவும், அங்கே ஒரு மண்டலம் பேசாமல் இருந்தால் மனத்தின் இரைச்சல் அடங்கி ஞானம் சித்திக்கும் என்றும் சொன்னார். குடிலின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அது விளம்பரமாகிவிடும்.

காவி வேட்டி கொடுத்தார்கள். பேச்சு கிடையாது. தவிர்க்க முடியாததை எழுதிக் காட்ட ஆளுக்கொரு சிலேட்டும் பல்பமும். பகல் முழுக்க ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார வேண்டும். என்னுடையது கடுக்காய் மரம். தோல் பதனிடக் கடுக்காய் போட்ட காலத்தைப் பார்த்தவன் நான். குடிலின் தலைவரான பெரிய சாமி எனக்கு அந்த மரத்தைக் கொடுத்தது ஏதோ உள்ளர்த்தத்தோடு என்றே நம்பினேன். என் தோலும் பதப்படட்டும் என்று புதர்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். உண்மையாகச் சொல்கிறேன், முதல் பத்து நாட்கள் நன்றாகவே இருந்தன. குறை தோன்றும்போதெல்லாம் விழுங்கினேன். சோறு குழைந்திருந்தது, விழுங்கினேன். பாய் கிழிந்திருந்தது, விழுங்கினேன்.

பிறகு தலைவலி வந்தது. கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பது போன்ற வலி. அடுத்த நாள் குளிர் ஜுரம். பற்கள் தாமாக அடித்துக்கொண்டன. சிலேட்டில் "தலைவலி தாங்கவில்லை. காய்ச்சல்" என்று எழுதிக் குடிலின் நிர்வாகியிடம் நீட்டினேன். அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், விவரம் தெரிந்தவர்தான். படித்தார். புன்னகைத்தார். ஈரத்துணியால் அழித்துவிட்டு அதே சிலேட்டில் ஒரு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"யாருக்கு?"

புரியாதவர்களுக்கு விளக்குகிறேன். வலி உடம்புக்கு, நீ உடம்பு அல்ல, அப்படியென்றால் வலி யாருக்கு என்று உள்ளே திரும்பிக் கேட்டுக்கொள் என்று அர்த்தம். உயர்ந்த தத்துவமாகவே இருக்கலாம். நூற்று மூன்று டிகிரியில் ஒருவனிடம் கேட்கும் கேள்வியா அது? ஆனால் நான் கேட்டுக்கொண்டேன். அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால் வீட்டை இரண்டாக்குகிறவன், சாகக் கிடந்தபோது கண்ணை மூடி, "யாருக்கு, யாருக்கு" என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஆயுளில் முதல்முறையாகக் குறை சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள நான் தேர்ந்தெடுத்த வேளை அது. பெரிய சாமி அந்தப் பக்கம் வந்தவர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "எரியட்டும். பழைய வினைதான் எரியுது" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பேச அனுமதி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை உறவினர் வந்து பார்க்கலாம், பேசக் கூடாது. வசந்தா காரில் வந்தாள். என் எதிரே உட்கார்ந்து சிலேட்டை வாங்கி, "சாப்பாடு எப்படி?" என்று எழுதினாள். நான் "நன்று" என்று எழுதினேன்.

அவள் அந்த வார்த்தையைச் சிறிது நேரம் பார்த்தாள். சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்தில் புறங்கையை வைத்தாள். பிறகு குடிலே அதிரும்படி கத்தினாள்.

"ஐயோ, அடுப்பு மாதிரி கொதிக்குது! எத்தனை நாளா இப்படி?"

நிர்வாகி ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தார்.

"விரலை எடுங்க முதல்ல. நாற்பத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் ஒரு தடவைகூடச் சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. இவரைப் பேசாம வெச்சிருக்கீங்களா, இல்ல புத்தி பேதலிக்க வெச்சிருக்கீங்களா? என்னங்க, எழுந்திருங்க. மௌனமாவது மண்ணாங்கட்டியாவது."

எழுந்திருக்க முடியவில்லை. ஓட்டுநரும் அவளும் தூக்கிக் காரில் போட்டார்கள். பிரகாஷ் போனில், நேராக மலையிறங்கி வேலூருக்கு வந்துவிடச் சொன்னான். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் நான் வாந்தி எடுத்து மயங்கினேன். வசந்தா காரைத் திருப்பச் சொல்லி, மலை மேலேயே இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அந்த முடிவை அவள் எடுக்காமல் இருந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

அங்கே தள்ளுவண்டியில் ஏற்றியபோது எனக்கு நினைவு திரும்பியது. சீட்டுப் போடும் ஜன்னலில் ஒரு பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"யாருக்கு?"

வசந்தா வாயைத் திறக்குமுன் என் தொண்டையிலிருந்து அது வெளியே வந்துவிட்டது. அத்தனை நாள் விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது.

"எனக்கு! எனக்குத்தான்! வலி எனக்கு, காய்ச்சல் எனக்கு, எல்லாம் எனக்கு!"

அந்தப் பெண் பயந்துபோய் நிமிர்ந்தாள். "சரி சாமி, உங்களுக்குத்தான். வேற யாரும் எடுத்துனு போகமாட்டாங்க. பேர் இன்னா சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரத்த அழுத்தம் பார்த்தார், இறங்கியிருந்தது. பிறகு சட்டை, வேட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அக்குள், தொடை இடுக்கு, முதுகு. என் தொழிற்சாலையில் சரக்கைப் பரிசோதித்தவர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை. நான் எதிர்ப்புத் தெரிவித்தேன்.

"சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், அதைத்தான் தேடுறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார்.

இடுப்பின் பின்பக்கம், காவி வேட்டியைச் சுற்றிச் செருகும் இடத்தில் அது இருந்தது. மிளகு அளவு. நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் உயரமான புல்லிலும் கண்ணுக்கே தெரியாத ஒருவகை உண்ணிக் குஞ்சு இருக்கிறது. அது கடித்தால் ஒரு கிருமி ரத்தத்தில் ஏறுகிறது. கடித்தது தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும். மருந்து உண்டு, சாதாரண மாத்திரைதான், சீக்கிரம் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் ஈரல், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். எனக்கு ஈரலில் கைவைத்திருந்தது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன.

"புதர்ப் பக்கம் போனீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தியானம் பண்ணினேன்."

"புதருக்குள்ளயா?"

எனக்குப் பதிலாக வசந்தா தலையை ஆட்டினாள்.

தனி அறை கேட்டேன். இல்லை என்றார்கள். பிரகாஷ் ஆம்புலன்ஸ் அனுப்புவதாகச் சொன்னான். ரத்த அழுத்தம் ஏறும்வரை நகர்த்தக் கூடாது என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். ஆகவே பொது வார்டு. பதினெட்டுக் கட்டில்கள், மேலே ஐந்து மின்விசிறிகள், அவற்றில் என் தலைக்கு மேல் இருந்தது சுற்றும்போதெல்லாம் "டொக்" என்றது. தலையணை ஒரு பக்கம் மேடு. டீயில் ஏலக்காய் கிடையாது. பக்கத்து வரிசையில் ஒருவர் செல்போனில் நாடகம் பார்த்தார், ஒலியைக் குறைக்காமல். எல்லாவற்றையும் உடனுக்குடன் தெரிவித்தேன். காவியையும் தாடியையும் பார்த்து எல்லோரும் என்னைச் சாமி என்றார்கள்; அதையும் ஆட்சேபித்தேன்.

வார்டு நர்ஸ் சிஸ்டர் ஜெயந்தி, கணியம்பாடிப் பக்கத்துக்காரர். காலையில் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கண் கடிகாரத்துக்கும் என் மார்புக்கும் போய்வருவதைக் கவனித்தேன்.

"நாடி பார்க்கிற மாதிரி நடிச்சுட்டு வேற எதையோ எண்றீங்க."

அவர் சிரித்துவிட்டார். "கண்டுபுடிச்சிட்டீங்களே சாமி! மூச்சை எண்றேன். சொல்ட்டு எண்ணுனா எல்லாரும் மூச்சை மாத்திக்குவாங்க. அதான் கையைப் புடிச்சினு எண்றது."

"எவ்வளவு இருக்கணும்?"

"நிமிஷத்துக்குப் பதினாறுலருந்து இருபது. உங்களுக்கு இருபத்திரண்டு. போதுமா?"

எண்ணுவதற்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. அன்றைக்கு அதை ஒரு பொழுதுபோக்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் இடப்பக்கக் கட்டிலில் இருந்தவர் பெயர் வெள்ளையன். ஐம்பது வயது சொல்லலாம். மலை ஊர் ஒன்றில் சாமையும் கேழ்வரகும் போடுகிறவர். நாலு புளியமரம் உண்டு. அவருக்கும் என் நோய்தான். எனக்குத் தியானத்தில் கடித்தது அவரைச் சாமை அறுப்பில் கடித்திருந்தது. பத்து நாள் காய்ச்சலோடு வேலை செய்துவிட்டு, பஸ் வரும் ரோடு வரைக்கும் நடந்து, அங்கிருந்து பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைக்கப்பட்டு வந்து சேர்ந்தவர். அவர் மனைவி குப்பம்மாள் கட்டிலடியில் உட்கார்ந்திருப்பார்.

"அய்யா" என்றார் வெள்ளையன் முதல்நாள் என்னிடம், "அந்த ஃபேனு ஒரு சுத்து வர்றதுக்குள்ள நீங்க மூணு கொறை சொல்லிடறீங்க."

"உமக்கு ஒரு குறையும் இல்லையா?"

"நமக்கு இன்னா கொறை? கட்டிலு கீது. கஞ்சி குடுக்கறாங்க."

டாக்டரம்மா வந்து, "எப்படி இருக்கீங்க வெள்ளையன்?" என்று கேட்டால் அவர் எழுந்து உட்கார முயல்வார். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "பரவால்லீங்கம்மா" என்பார். மூச்சு வாங்குதா? "பரவால்ல." இருமல்? "பரவால்ல." குப்பம்மாளும் பின்னாலிருந்து, "நல்லா கீறாருங்கம்மா" என்பார். அடுத்து என் கட்டில். நான் ஆரம்பித்தால் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இரண்டு நாளில் என் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் மாலை, விளக்குப் போடும் நேரம். பகல் நர்ஸ்கள் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள், அடுத்தவர்கள் வரவில்லை. பார்வையாளர்கள் கூட்டம், தூக்குச்சட்டிகள், குழந்தை அழுகை. குப்பம்மாள் வெந்நீர் வாங்கப் போயிருந்தார். நான் எண்ண ஏதுமில்லாமல் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். வெள்ளையனின் போர்வை ஏறி இறங்கும் வேகம் சரியாக இல்லை. ஷூவில் தையல் நெருக்கம் தப்பியிருந்தால் கண்ணுக்கு ஒரு உறுத்தல் வருமே, அந்த உறுத்தல். வசந்தாவின் கைக்கடிகாரத்தை வாங்கி எண்ணினேன். முப்பத்தெட்டு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு.

"சிஸ்டர்!"

சிஸ்டர் ஜெயந்தி கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். "இன்னா சாமி, மறுபடியுமா? டிரிப்ஸ் நல்லாத்தானே ஓடினு கீது."

"டிரிப்ஸ் இல்லை. மூச்சு. முப்பத்தெட்டு இருக்கு."

"யாருக்கு?"

"எனக்கில்லை. அவருக்கு!"

அவர் வெள்ளையனைப் பார்த்தார். வெள்ளையன் எழுந்து உட்கார முயன்றார். அந்தச் சிரிப்பு வந்தது.

"ஒண்ணியும்... இல்லீங்க... பரவா... ல்ல."

"டாக்டரம்மா பார்த்துட்டுப் போய் இன்னும் அரை மணிகூட ஆகல சாமி. அவரே பரவால்லன்னு சொல்றாரு, நீங்க படுங்க" என்றார் சிஸ்டர்.

நான் எழுந்தேன். டிரிப்ஸ் கம்பி சாய்ந்தது; கையிலிருந்து ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் வந்தது. குடிலில் அடக்கியதும், அதற்கு முன் தொழிற்சாலையில் செலவழித்ததும் சேர்ந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஈடாகாது. நாடகம் பார்த்தவர் செல்போனை அணைத்துவிட்டார்.

"அவர் சொல்றதைக் கேக்காதீங்க! எண்ணுங்க! ஒரு வார்த்தைக்கு ரெண்டு மூச்சு வாங்குறார், இதுவா பரவால்ல? எண்ணுங்கம்மா!"

சிஸ்டர் எண்ணினார். பாதி நிமிடத்தில் நிறுத்திவிட்டு, விரலில் மாட்டும் சின்னக் கருவியை மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுவது அது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எண்பத்து மூன்று காட்டியது. கைப்பை தரையில் விழுந்தது. அவர் ஓடினார்.

கிருமி நுரையீரலைப் பிடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். மூச்சுப் பைகளுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. எவ்வளவு இழுத்தாலும் காற்று உள்ளே சேராது. நான்கு கட்டில் உள்ள தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவே தொண்டைக்குள் குழாய் போட்டு இயந்திரத்தோடு இணைத்தார்கள். வெந்நீரோடு வந்த குப்பம்மாள், காலியாக இருந்த கட்டிலையும் ரத்தம் சொட்டும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் காலை நான் வராந்தாவுக்கு நடந்தேன். அந்த அறையின் கதவருகே சுவரில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். வசந்தா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது.

"ஏம்மா, மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தினம் வந்து கேட்டாங்களே!"

குப்பம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படிங்க சொல்றது? அந்த டாக்டரம்மா தெனமும் வந்து எப்படி கீறீங்கன்னு எவ்ளோ ஆசையா கேக்குது. மருந்து குடுத்தவங்ககிட்ட இன்னும் நல்லாவலன்னு சொன்னா அவங்க மருந்தைக் குத்தம் சொல்ற மாதிரி ஆவாது? அந்தப் புள்ள மூஞ்சி வாடிப்பூடும்ல. ஒரு வூட்ல சோறு போடறாங்க, உப்பு கம்மியா கீதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். "இவர் சொல்லுவாரும்மா" என்றாள்.

அத்தனை துயரத்திலும் குப்பம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். உடனே அழவும் செய்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் போனில் பிரகாஷ், "மலை ஜனங்க ஸ்ட்ராங் அப்பா, தாங்குவாங்க" என்றான். அவனை அவன் ஆயுளில் வாங்காத திட்டு திட்டினேன். தாங்குவார்கள் என்று சொல்வது யாருடைய வசதிக்காக? ஒருவர் மரியாதைக்காக வலியை மறைக்கிறார்; நாம் அதை அவர் உடம்பின் பலம் என்று எழுதிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். காய்ச்சலில் கிடப்பவர் ரோடு வரைக்கும் நடக்க வேண்டியிருப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை என்றால், அங்கே குறை இல்லை என்று அர்த்தமா? என் தொழிற்சாலையில் நூற்றைம்பது பேர் வேலை செய்தார்கள். சரக்கைப் பற்றி ஆயிரம் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது எல்லோரும் "பரவால்ல சார்" என்றார்கள். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

அன்று மாலை ஆம்புலன்ஸ் வந்தது. பிரகாஷே வந்திருந்தான். என் ரத்த அழுத்தம் சரியாகியிருந்தது. போகலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை, ஏ.சி., எல்லாம் தயார்.

"நான் வரல."

"அப்பா, தலையணைகூடச் சரியில்லன்னு காலையிலதானே சொன்னீங்க?"

"சரியில்லைதான். ஆனா வரல. அவர் மூச்சு இருபதுக்கு வரணும்."

பிரகாஷ் அம்மாவைப் பார்த்தான். வசந்தா, "விடுப்பா. இந்த மனுஷன் மத்தவங்களுக்காகச் சத்தம் போட்டு நான் இப்பத்தான் பார்க்கிறேன். எத்தனை நாள் போடறாருன்னு பார்ப்போம்" என்றாள். வண்டி வெறுமனே திரும்பியது.

காத்திருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நான் "எத்தனை?" என்று கேட்பேன். சிஸ்டர் ஜெயந்தி பதில் சொல்லாமல் போனதே இல்லை. "மெஷின்தான் விடுது சாமி, கணக்குல சேராது." இன்னொரு நாள், "சொந்தமா விடறாரு, முப்பது." குப்பம்மாளுக்கு வசந்தா தன் சால்வையைக் கொடுத்திருந்தாள். குப்பம்மாள் எங்கிருந்தோ வரவழைத்த சாமைச் சோற்றை வசந்தாவுக்குக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். உப்பு குறைவாக இருந்தது. சொல்லவில்லை. இதை என் முன்னேற்றமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், மறுவேளை சொல்லிவிட்டேன். குப்பம்மாள் உப்பை எடுத்துக் கையில் போட்டார்.

இடையில் குடிலின் நிர்வாகி வந்தார். நான் விட்டுவந்த பையையும் சிலேட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கொண்டுவந்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து என் கையைப் பற்றிக்கொண்டார்.

"உங்களுக்கு நடந்தது சாதாரண விஷயம் இல்லை. மரணத்தின் வாசல் வரைக்கும் போய் வந்திருக்கிறீர்கள். அகங்காரம் எரிந்துவிட்டது. பெரிய சாமியே சொன்னார், ஞானம் கிட்டிவிட்டது என்று."

நான் சிலேட்டை எடுத்தேன். பல்பத்தைத் தேடி எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி அவரிடம் நீட்டினேன்.

"யாருக்கு?"

அவர் அதைப் படித்தார். புன்னகைப்பதா என்று யோசித்தார். பிறகு எழுந்து போய்விட்டார். வாழைப்பழத்தில் இரண்டு அழுகியிருந்தன.

அவருக்கு நான் நியாயம் செய்யவில்லை என்று சிலர் நினைக்கலாம். மௌனத்தால் பலன் அடைந்தவர்கள் இருக்கலாம். என் கோபம் மௌனத்தின்மீது அல்ல. நோயாளி வாயைத் திறந்து சொன்ன பிறகும் அதைத் துணியால் அழித்துவிட்டுத் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தக் கையின்மீது. வெள்ளையன் சொல்லவே இல்லை. ஆனாலும் அவர் மூச்சைக் கேட்க வேண்டியிருந்தது. நான் சொன்னேன், கேட்க ஆளில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உயிர் போய்விடுகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கட்டிலில் படுத்து எண்ணித் தெரிந்துகொண்டேன்.

ஒரு காலையில் வெள்ளையனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பழைய கட்டிலிலேயே போட்டார்கள். பாதியாகியிருந்தார். கன்னம் ஒட்டி, குரல் கரகரத்துக் கிடந்தது. சிஸ்டர் ஜெயந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தார். இருவரும் தனித்தனியாக எண்ணினோம். எனக்கும் அவருக்கும் ஒரே விடை: இருபது. நான் அன்றே வீட்டுக்குப் போகச் சம்மதித்தேன். பிரகாஷ் கீழே கார் வைத்துக் காத்திருந்தான்.

கிளம்புமுன் டாக்டரம்மா சுற்றுக்கு வந்தார். வழக்கம்போல் வெள்ளையன் கட்டிலருகே நின்றார்.

"எப்படி இருக்கீங்க வெள்ளையன்?"

வெள்ளையன் எழுந்து உட்கார முயன்றார். சிரிப்பு வந்தது. "பரவா..." என்று ஆரம்பித்தார்.

நான் தொண்டையைக் கனைத்தேன். குப்பம்மாள் கட்டிலடியிலிருந்து அவர் காலை ஒரு தட்டுத் தட்டினார்.

வெள்ளையன் என்னைப் பார்த்தார், குப்பம்மாளைப் பார்த்தார், டாக்டரம்மாவின் முகத்தைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கிணற்றில் குதிக்கிறவர் மாதிரி சொன்னார்.

"கொழாய் போட்டதுல தொண்டை எரியுதும்மா ஊசி போட்ட எடம் கல்லு மாதிரி கீது இட்லி வாய்ல வெக்க முடில அப்பறம் இந்த அய்யா ஓயாம எதையாவது வாய்க்குள்ள எண்ணினே கீறாரு தூக்கமே வர்ல வேற கட்டிலு இருந்தா குடுங்கம்மா."

வார்டு முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மாவின் முகம் வாடவில்லை. அவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். நான்கு குறைகள். நடுவில் ஒரு தடவைகூட அவர் மூச்சு வாங்கவில்லை.